பஞ்சு குடோன் ஃபுட் ஹாலில் 90 சதுர அடி ஸ்டால்: எடுக்கலாமா?

திருப்பூர் வாசகியின் கேள்வி, 2024 ஆகஸ்ட் 4

கோவையில் பழைய பஞ்சு குடோன் ஒன்றைப் புதுப்பித்து ஃபுட் ஹால் ஆக்குகிறார்கள். அக்டோபரில் திறப்பு. 90 சதுர அடி ஸ்டால் ஒன்று எனக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். மாதம் 35,000 ரூபாய் மினிமம் கேரண்டி, அல்லது விற்பனையில் 20 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. நான்கு மாத அட்வான்ஸ். மெயின்டெனன்ஸ், கரண்ட் தனி. ஒப்புட்டும் (போளி மாதிரி) கச்சாயமும் (எண்ணெயில் பொரிக்கும் வெல்லப் பலகாரம்) ஆறு வருடமாக வீட்டிலிருந்தே போட்டுக் கொடுக்கிறேன். கடை என்று வைத்ததில்லை. வியாபாரம் நடந்தால்தானே பங்கு கேட்கிறார்கள்? தனிக்கடை வாடகைக்குப் பிடிப்பதைவிட இது பாதுகாப்பு என்று தோன்றுகிறது. சரிதானே?

பதில்: ஆகஸ்ட் 4, இரவு

சரியில்லை. "எது அதிகமோ அது" என்று எழுதியிருக்கிறார்களே, அதை மறுபடி படியுங்கள். வியாபாரம் நன்றாக நடந்தால் ஹால்காரர் பங்கு எடுப்பார். நடக்காவிட்டால் 35,000 எடுப்பார். நடக்காத மாதத்தின் நஷ்டம் முழுக்க உங்கள் தலையில்.

ஒரு கணக்கு. 35,000 என்பது எந்த விற்பனைக்கு 20 சதவீதம்? 1,75,000-க்கு. மாதம் முப்பது நாளும் திறந்தால் நாளுக்கு 5,833 ரூபாய். ஒப்புட்டு 30 ரூபாய் என்றால் நாள் தவறாமல் 195 ஒப்புட்டு விற்க வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு விற்றாலும் நீங்கள் கொடுப்பது 20 சதவீதத்துக்கு மேல்தான். மாதம் ஒரு லட்சம் விற்றால் 35 சதவீதம் வாடகைக்கே போகும்.

வீட்டில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை போட்டிருக்கிறீர்கள்? தீபாவளி, ஆடிப்பெருக்கு நாள்களை விட்டுவிட்டுச் சாதாரணப் புதன்கிழமையைச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 5

யார் இவள், எதை வைத்துப் பேசுகிறாள் என்று கேட்பீர்கள். நியாயம். நான் கோவையில் வேறொரு குடோன் ஹாலில் 2022 ஏப்ரலிலிருந்து சந்தகைக் கடை வைத்திருக்கிறேன். சந்தகை என்பது எங்கள் பக்கத்து அரிசிச் சேவை. எலுமிச்சை, தேங்காய், புளி, தேங்காய்ப்பால் வெல்லம், இவ்வளவுதான் மெனு. தட்டு 90 ரூபாய். 110 சதுர அடி. 28 மாதம் ஆகிறது. நடுவில் ஒரு முறை இடம் மாற்றினார்கள், அதைத் தனியாகச் சொல்கிறேன். ஹாலின் பெயரைச் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் ஹால் இன்னும் திறக்கவே இல்லை. திறக்காத ஹாலுக்கு மினிமம் கேரண்டி கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். நாம் அங்கே போவது மற்ற கடைகளும் சேர்ந்து இழுக்கும் கூட்டத்துக்காக. அந்தக் கூட்டம் வருமா என்று ஹால்காரருக்கே இன்னும் தெரியாது. முதல் ஆறு மாதம் பங்கு மட்டும் என்று கேளுங்கள். பங்கை 22, 23 என்று ஏற்றிக் கேட்டாலும் பரவாயில்லை, ஒத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 7

முந்தாநாள் எழுதும்போது ஜிஎஸ்டியை விட்டுவிட்டேன். அது சின்ன விஷயம் இல்லை.

கடை வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 35,000 என்று பேசினால் பில் 41,300-க்கு வரும். மற்ற தொழிலில் இருப்பவர்கள் இந்த 6,300-ஐத் தாங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்வார்கள். நமக்கு அது கிடையாது. 2017 நவம்பர் 15-லிருந்து ஓட்டல் சாப்பாட்டுக்கு 5 சதவீதம் வரி. அந்த 5 சதவீதத்தில் இருப்பவர் உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது. வாடகை, மெயின்டெனன்ஸ், கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் கொடுத்த ஜிஎஸ்டி நம் கைக்காசு. வருடம் 20 லட்சத்துக்குக் கீழே விற்று ஜிஎஸ்டி பதிவே எடுக்காமல் இருந்தாலும் ஹால்காரர் போடும் 18 சதவீதத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆக, ஒரு லட்சம் விற்கும் மாதத்தில் வாடகை மட்டும் 41.3 சதவீதம். மெயின்டெனன்ஸும் கரண்டும் இதில் சேரவில்லை.

கட்டிடக்காரர் ஜிஎஸ்டி பதிவு இல்லாத தனி ஆளாக இருந்தால் இந்த 18 இல்லை. சிறிய குடோன்களில் அப்படியும் உண்டு, விசாரியுங்கள்.

(இந்தக் கடைசிப் பத்தி இப்போது செல்லாது. அக்டோபர் 15 குறிப்பைப் பாருங்கள்.)

ஆகஸ்ட் 11

இன்று ஞாயிறு. மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு எழுதுகிறேன். காசைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். கட்டிடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னை அதிகம் படுத்தியது அதுதான்.

கோவையில் மில் தொழில் 1888-லேயே தொடங்கியது என்றாலும் பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்த பிறகுதான் வரிசையாக மில்கள் எழுந்தன. அந்தக் காலத்துக் குடோன்கள் பஞ்சுப் பொதி அடுக்கக் கட்டியவை. கனமான செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல், மேலே ஓடு, அதைத் தாங்க இரும்புச் சட்டம். உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். எனக்கும் அப்படித்தான் பிடித்தது. ஆனால் பஞ்சுக்குத் தண்ணீரும் ஆகாது, நெருப்பும் ஆகாது. அதனால் கட்டியவர்கள் உள்ளே தண்ணீர்க் குழாயும் வைக்கவில்லை, புகைபோக்கியும் வைக்கவில்லை. சமையலுக்கு வேண்டிய இரண்டும் பிறகு ஒட்டவைத்தவை. எப்படி ஒட்டவைத்தார்கள் என்பதைத்தான் நீங்கள் குனிந்து பார்க்க வேண்டும்.

சந்தகைக்கு மாவை முதலில் இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மூன்றுகால் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் கைப்பிடி திரும்பாது. அதனால் என் கடையில் நாள் முழுக்க ஆவி. முதல் எட்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. மேலே அவ்வளவு உயரம் இருக்கிறது, ஆவி எங்கேயோ போகிறது என்று விட்டுவிட்டோம். 2022 டிசம்பரில் ஒரு காலை, குளிர் அதிகம். எட்டு மணிக்கு முதல் தட்டு வைத்தேன். வெள்ளைச் சந்தகை, மேலே துருவிய தேங்காய். அதன் நடுவில் ஒரு சொட்டு விழுந்தது. டீ நிறம். நான் பார்க்கும்போதே நூலுக்குள் ஊறிப் பரவியது. அண்ணாந்து பார்த்தால், மேலே இரும்புச் சட்டத்தின் அடிவிளிம்பு முழுக்க முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறது. எங்கள் ஆவி குளிர்ந்த இரும்பில் பட்டு நீராகி, துருவைக் கரைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது.

அந்தத் தட்டைக் கொட்டிவிட்டுக் கடையை மூடினேன். நான்கு நாள் திறக்கவில்லை. பக்கத்துக் காபிக் கடைக்காரர் குடை விரிக்கச் சொன்னார். அவர் சிரிக்க வைக்கத்தான் சொன்னார், எனக்கு அன்று அழுகைதான் வந்தது.

அடுப்புக்கு மேல் ஹூட் வைத்து, அதிலிருந்து பக்கச்சுவர் வழியாக வெளியே டக்ட் (புகைக்குழாய்) போட்டோம். 1,60,000 ஆயிற்று. செலவு நம்முடையது என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

ஆகஸ்ட் 12

பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். டக்ட் 1,44,000. 1,60,000 என்று நான் சொன்னது அச்சுக்குப் புதிதாக வாங்கிய மேஜையும் சேர்த்து. திருத்திக்கொள்ளுங்கள், பின்னால் இந்தத் தொகை வரும்.

ஒப்புட்டுக்கு ஆவி கிடையாது, ஆனால் தோசைக்கல்லில் நெய் புகையும். மால்களில் இருப்பது போலப் பொதுவான புகைக்குழாய் ஒவ்வொரு ஸ்டாலுக்கும் வருகிறதா என்று கேளுங்கள். வருகிறது என்றால் ஃபேனைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு டிஷ்யூ தாளை உறிஞ்சு வாய்க்குக் கீழே பிடித்தால் போதும்.

ஆகஸ்ட் 12, மாலை

தரையும். குடோன் தரை வாசலை நோக்கிச் சரிவாக இருக்கும், மழைத் தண்ணீர் உள்ளே நிற்கக்கூடாது என்று. இப்போது நான் இருக்கும் இடம் பழைய லாரிக் கதவை ஒட்டியது. கழுவிவிட்டால் தண்ணீர் என் சாக்கடை வாய்க்குப் போகாமல் சாப்பிடுகிறவர்கள் காலடிக்குப் போகிறது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். ஊற்ற விடமாட்டோம் என்றால் அதுவே ஒரு பதில்.

லாரி மட்டத்துக்குத் தரையை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். மாவு டிரம்மை மூன்றரை அடி தூக்கி ஏற்ற வேண்டும். சாமான் இறக்க காலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான் அனுமதி. தூக்க ஆள் உண்டா?

19 கிலோ சிலிண்டரை உள்ளே விடமாட்டார்கள். இண்டக்‌ஷன்தான் என்றால் உங்கள் கல் அதில் வேலை செய்யுமா என்று வீட்டிலேயே ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். எங்கள் ஹாலில் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 14 ரூபாய் வாங்குகிறார்கள், ஜெனரேட்டர் டீசலும் சேர்த்து என்று சொல்லி. 5 கிலோவாட் எட்டு மணி நேரம் ஓடினால் 40 யூனிட், 560 ரூபாய். தினமும்.

ஆகஸ்ட் 19

"எங்கள் கல்லாப் பெட்டியை நாங்கள் வைத்துக்கொள்ளலாமா" என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் விடமாட்டார்கள். வாசலில் கார்டில் பணம் ஏற்றிக்கொண்டு வருவார்கள், அல்லது ஹாலின் க்யூஆர். எல்லாக் கடைக்கும் ஒரே பில்லிங். விற்ற காசு முழுக்க ஹால் கணக்குக்குப் போய், 15 நாள் கழித்துத் தங்கள் பங்கு, மெயின்டெனன்ஸ், கரண்ட் எல்லாம் கழித்து மீதி நமக்கு வரும். அரிசி மண்டிக்காரர் வாரம் தவறாமல் கேட்பார். தேங்காய்க்காரர் அன்றன்றைக்குக் கேட்பார். ஒரு டிசம்பரில் எனக்கு 34 நாள் கழித்து வந்தது. நகையை அடகு வைத்துத்தான் சம்பளம் போட்டேன். கடை நன்றாக ஓடிய மாதம் அது. ஒரு மாதச் செலவைக் கையில் தனியாக வைத்துக்கொள்ளாமல் உள்ளே போகாதீர்கள்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தட்டு போகப் போக ஐந்து ஐந்தாகக் கோடு போடுவோம். ஒரு ஞாயிறு நோட்டில் 143, ஹால் அறிக்கையில் 132. பதினொரு தட்டு, 990 ரூபாய். விசாரித்ததில், மதியம் நெட் நின்றபோது பில் 'கேன்சல்' என்று விழுந்திருக்கிறது, தட்டு போய்விட்டது. யாரும் திருடவில்லை. நோட்டு இல்லையென்றால் எனக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன்: கழிக்கிற ஒவ்வொரு தொகைக்கும் பில் எண் காட்ட வேண்டும், என் கடை பில்லிங்கை நான் என் போனிலேயே பார்க்க முடிய வேண்டும்.

பங்கு எதன்மேல் என்பதையும் படியுங்கள். "மொத்த விற்பனை" என்று இருந்தால் வாடிக்கையாளரிடம் வாங்கும் 5 சதவீத ஜிஎஸ்டிக்கும் சேர்த்துப் பங்கு கேட்பார்கள். என் பங்கு 22 சதவீதம். மாதம் 2 லட்சம் விற்றால் அதன்மேல் வரி 10,000. அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய அந்தப் பணத்தில் 2,200 ஹாலுக்கு, அதன்மேல் 18 சதவீதம் போட்டு 2,596. வருடத்துக்கு 31,152. முதல் வருடம் முழுக்கக் கொடுத்தேன். "வரி நீங்கலாக" என்ற இரண்டு சொல்லை அடுத்த ஒப்பந்தத்தில் சேர்த்த பிறகுதான் நின்றது.

ஆப் வழியாக வரும் ஆர்டரும் அப்படித்தான். 200 ரூபாய் பில்லில் ஆப்காரர் 25 சதவீதம் என்றால் 50 எடுக்கிறார். ஹால் அந்த முழு 200-க்கும் 22 சதவீதம், 44. மீதி 106-ல் அரிசி, ஆள், டப்பா. ஆப் ஆர்டருக்குத் தனி விகிதம் கேளுங்கள்.

செப்டம்பர் 2

ஒப்பந்தத்தின் நகலை அனுப்பியிருந்தீர்கள். தலைப்பிலேயே "லீவ் அண்ட் லைசென்ஸ்" என்று இருக்கிறது, பதினொரு மாதம். என்னுடையதும் அதே மாதிரிதான். வக்கீல் எனக்குச் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

லீஸ் என்றால் அந்த இடம் அந்தக் காலத்துக்கு உங்கள் கையில். 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 105. லைசென்ஸ் என்றால் இடம் அவர்கள் கையில்தான், நீங்கள் உள்ளே வந்து வேலை செய்ய அனுமதி, அவ்வளவே. அதே வருடத்து ஈஸ்மென்ட் சட்டம், பிரிவு 52. அதனால்தான் "15 நாள் நோட்டீஸில் ஹாலுக்குள் வேறு இடத்துக்கு மாற்றலாம்" என்று அவர்களால் எழுத முடிகிறது. உங்கள் நகலில் 9-ஆம் பத்தியில் இருக்கிறது, பாருங்கள். என்னை 2024 ஏப்ரலில் மாற்றியது அந்தப் பத்தியை வைத்துத்தான். நடு ஹாலில் இருந்தவளை லாரிக் கதவுக்கு.

தலைப்பில் என்ன எழுதினாலும் நடைமுறை என்ன என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். டெல்லி இம்பீரியல் ஓட்டலில் துணி, பை வைக்கும் அறைகளில் ஒருவர் முடிதிருத்தும் கடை நடத்தினார். எழுதிக்கொண்டது லைசென்ஸ். 1959-ல் உச்ச நீதிமன்றம் அதை லீஸ் என்றது. அந்த அறைகள் முழுக்க அவர் வசம் இருந்தது ஒரு முக்கியக் காரணம். நமக்கு இது எவ்வளவு உதவும்? பூட்டிச் சாவி எடுத்துப் போகிற அறையாக இருந்தால் கொஞ்சம் உதவலாம். திறந்த ஹாலில் ஒரு மேடைக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு நம்பிக்கை வைக்க முடியாது என்றார் வக்கீல்.

பதினொரு மாதம் ஏன் என்றால், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸைப் பத்திரப்பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22-லிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி எத்தனை மாத வாடகை ஒப்பந்தமானாலும் வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும், கடைக்கும் இது உண்டு. லைசென்ஸ் என்று போட்டால் இதற்குள் வராது என்பது ஹால்காரர்கள் வாதம். அட்வான்ஸும் மூன்று மாதம்தான் என்று அந்தச் சட்டம் சொல்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும். நான்கு என்று எழுதுமுன் பேசுங்கள், எழுதிய பிறகு பேச ஒன்றுமில்லை.

செப்டம்பர் 3

"டக்ட் போட்டது நிரந்தர வேலைதானே, அதைச் செய்தவளை எப்படி மாற்றலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் அதே கேள்வியோடுதான் வக்கீலிடம் போனேன். லைசென்ஸ் பெற்றவர் அதை நம்பி நிரந்தரமான வேலை செய்து செலவழித்திருந்தால் லைசென்ஸைத் திரும்பப் பெற முடியாது என்று ஈஸ்மென்ட் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்கிறது. என் ஒப்பந்தத்திலோ அந்தப் பிரிவு பொருந்தாது என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். படிக்காமல் போட்டது.

என்னைக் காப்பாற்றியது வேறு. துரு சொட்டிய பிறகு, ஹாலுக்கும் பயம் வந்திருந்த நேரத்தில், தனியாக ஒரு தாளில் எழுதி வாங்கினேன்: டக்ட் செலவு 1,44,000, 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 6,000, அதற்குள் என்னை மாற்றினாலோ வெளியேற்றினாலோ மீதி மாதங்களுக்கு அவர்கள் தர வேண்டும். 2023 ஜனவரியில் போட்டது, 2024 ஏப்ரலில் மாற்றினார்கள். பதினைந்து மாதம் போக மீதி ஒன்பது. 54,000 ரூபாய். வாடகையில் கழித்துக்கொண்டார்கள். சுவரில், தரையில் எந்த வேலை செய்வதற்கு முன்னாலும் இப்படி ஒரு தாள் வாங்குங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

செப்டம்பர் 8

வீட்டு முகவரியில் எடுத்த உணவுப் பாதுகாப்புப் பதிவு ஸ்டாலுக்குச் செல்லாது, தங்கை. இடத்துக்கு இடம் தனி. 2024 விதிப்படி வருடம் 12 லட்சம் வரை விற்பனைக்குப் பதிவு போதும், வருடத்துக்கு 100 ரூபாய். அதற்கு மேல் மாநில லைசென்ஸ். 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும். பில்லிங் ஹாலுடையது என்பதால் அவர்கள் எண்ணைப் போட்டுவிடுவார்கள், உங்களுடையதைப் போடச் சொல்லுங்கள்.

செப்டம்பர் 29

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை நேற்று. எங்கள் கடை வாசலில் வரிசை, எதிரே பிரியாணிக் கடையில் தம்பி போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான்கு வாரமும் இப்படித்தான் போகும். அவனுக்கும் அதே மினிமம் கேரண்டிதான். பாதி விற்பனை குறைகிற மாதம் ஒன்று வருடா வருடம் வரும் என்று தெரிந்தே முழு வாடகை வாங்குவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. ஹால் மேலாளரிடமும் சொன்னேன். அசைவக் கடைகளுக்கு இந்த மாதம் பங்கு மட்டும் வாங்குங்கள் என்று. "எல்லாரும் ஆளுக்கொரு மாதம் சொல்வார்கள்" என்றார். சொல்லட்டுமே. எந்தக் கடைக்கு எந்த மாதம் மந்தம் என்று வருடத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம். சந்தகைக்கு மே மாதம். பள்ளி விடுமுறையில் கூட்டம் வரும், ஆனால் எல்லாரும் ஐஸ்கிரீம் பக்கம் போய்விடுவார்கள்.

உங்கள் மந்த மாதம் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

அக்டோபர் 15

ஆகஸ்ட் 7-ல் எழுதியதைத் திருத்துகிறேன். கட்டிடக்காரருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லையென்றால் 18 சதவீதம் இல்லை என்று சொல்லியிருந்தேன். இந்த மாதம் 10-ஆம் தேதியிலிருந்து விதி மாறிவிட்டது. பதிவு இல்லாதவரிடமிருந்து பதிவு உள்ளவர் கடை வாடகைக்கு எடுத்தால் வாடகைக்கு எடுத்தவரே அந்த 18-ஐ அரசுக்குக் கட்ட வேண்டும். ஆடிட்டர் நேற்று போன் செய்து சொன்னார். என் பேச்சைக் கேட்டு யாராவது கணக்குப் போட்டிருந்தால் மன்னியுங்கள்.

நவம்பர் 10

தீபாவளி முடிந்ததும் எங்கள் ஹாலில் இடியாப்பக் கடை திறந்திருக்கிறார்கள். எனக்கு நேர் எதிரே. என் ஒப்பந்தத்தில் "இதே உணவை விற்கும் வேறு கடைக்கு இடம் தரமாட்டோம்" என்று வரி இருக்கிறது. அதைக் காட்டினேன். "இடியாப்பம் வேறு, சந்தகை வேறு" என்று சொல்லிவிட்டார்கள். வந்து சாப்பிடுகிற சென்னைக்காரர்கள் பாதிப்பேர் என் தட்டைப் பார்த்து "இடியாப்பம் ஒன்று" என்றுதான் கேட்கிறார்கள். இரண்டு வருடமாகத் திருத்தித் திருத்திச் சொல்கிறேன். இந்த ஒரு வாரம்தான் திருத்தாமல் இருந்தேன்.

நவம்பர் 12

இரண்டு நாள் யோசித்தேன். அவர்கள் சொன்னது உண்மைதான். இடியாப்பத்தில் மாவைப் பிழிந்து பிறகு வேகவைப்பார்கள். சந்தகையில் வெந்ததைப் பிழிகிறோம். அதனால்தான் இதன் நூல் ஈரமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் அம்மா காதில் இரண்டும் ஒன்று என்று விழுந்திருந்தால் எழுந்து போயிருப்பார்கள். நான் காசுக்காக ஒன்று என்று வாதாடியது தப்பு.

தவறு வரியில் இருக்கிறது. "இதே உணவு" என்று எழுதினால் இப்படித்தான் ஆகும். உங்களுடையதில் பெயர் பெயராக எழுதுங்கள்: ஒப்புட்டு, போளி, கச்சாயம், அதிரசம், எண்ணெயில் பொரித்த வெல்லப் பலகாரம் எதுவும். போளி என்று கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால் எதிரே போளிக் கடை வரும்.

டிசம்பர் 22

"இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் ஏன் இன்னும் அங்கே இருக்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். படித்துப் பார்த்தால் நான் எழுதியதெல்லாம் குறையாகத்தான் இருக்கிறது. அது நியாயமில்லை.

தட்டு கழுவும் வேலை எனக்கில்லை. ஹாலே கழுவி, அடுக்கித் தருகிறது. நாற்காலி, மேஜை, கழிவறை, காவல், கார் நிறுத்தம் எதுவும் என் கவலை இல்லை. தனிக்கடை என்றால் இரண்டு ஆள் கூடுதலாகப் போட வேண்டும். என் கடையில் நானும் இரண்டு பெண்களும்தான்.

அப்புறம், நான்கு பேர் குடும்பமாக வந்தால் பிள்ளைகள் பீட்சாவுக்குப் போகும், அப்பா பிரியாணிக்குப் போவார், பாட்டி என்னிடம் வருவார். தனிக்கடை வைத்திருந்தால் அந்தப் பாட்டி என் கடைக்கு வந்திருக்கவே மாட்டார், பேரப்பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஏதோ ஒன்றைக் கொறித்துவிட்டுப் போயிருப்பார். போன மாதம் ஒரு அம்மா, எண்பது வயது இருக்கும், தேங்காய்ப்பால் சந்தகையைக் கையில் எடுத்து நூலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மரத்துல பிழிஞ்சதா, இரும்புலயா கண்ணு?" என்றார். இரும்பு என்றேன். "தெரியுது, ஆனா நல்லாருக்கு" என்று இன்னொரு தட்டு வாங்கினார். அவர் மகள் வழியாக ஒரு சீமந்தத்துக்கு 200 தட்டு ஆர்டர் வந்தது. வெளி ஆர்டருக்கு ஹால் பங்கு கிடையாது, அதையும் எழுதி வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு என் லாபத்தில் பாதிக்கு மேல் இந்த வெளி ஆர்டர்தான்.

அதனால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 35,000-ஐத்தான் வேண்டாம் என்கிறேன்.

2025 ஜனவரி 19

அக்டோபர் திருத்தத்துக்கு ஒரு திருத்தம். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) இருப்பவர்கள் அந்த வாடகை வரியைத் தாங்களே கட்ட வேண்டியதில்லை என்று 16-ஆம் தேதியிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிவு உள்ள ஹால்காரர் பில்லில் போடும் 18-க்கு இதனால் ஒரு மாற்றமும் இல்லை.

பிப்ரவரி 2

உங்கள் கடிதம் பார்த்தேன். அக்டோபரில் எடுக்காமல் விட்ட அதே ஸ்டாலை எடுத்தவர் நான்கு மாதத்தில் காலி செய்துவிட்டார், இப்போது உங்களை மறுபடி கூப்பிடுகிறார்கள், 25,000 அல்லது 20 சதவீதம், முதல் மூன்று மாதம் பங்கு மட்டும். நல்ல இறக்கம். 25,000-க்கு நாளுக்கு 4,167 ரூபாய் விற்க வேண்டும், 139 ஒப்புட்டு. சாதாரணப் புதனில் 110 போடுகிறேன் என்று சொல்லியிருந்தீர்கள். எட்டாத தூரம் இல்லை.

காலி செய்தவரிடம் பேசுங்கள். அவர் அட்வான்ஸ் திரும்ப வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டால் போதும், மீதியை அவரே சொல்வார்.

ஹால் இப்போது திறந்திருக்கிறது என்பதால் கூட்டத்தை நாமே எண்ணலாம். சனி, ஞாயிறு எண்ணாதீர்கள், அன்று எல்லா ஹாலும் நிறையும். வாரநாளில் மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை எத்தனை பேர் நுழைகிறார்கள், அதில் எத்தனை பேர் கையில் தட்டு இருக்கிறது. ஒப்புட்டு டீ நேரத்துப் பலகாரம், உங்களுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் கணக்கு.

தனியாகப் போக வேண்டாம். செவ்வாய்க்கிழமை என் கடையைப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். மூன்று மணிக்கு முன்பக்க வாசலில் நில்லுங்கள், நான் பின்பக்கம் லாரிக் கதவில் நிற்கிறேன். கோடு போட நோட்டு கொண்டு வருகிறேன். நீங்கள் ஒரு வாளி எடுத்து வாருங்கள்.